முதல் வகுப்பில் ஒரு நாள்: அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கிறேன். பதினேழு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் என்னிடம் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், இவன் இருந்துக்குவானா?" படிப்பானா, எழுதுவானா என்று முதல் நாள் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் அதுவல்ல. அம்மா, அப்பா, பாட்டி யாரும் பக்கத்தில் இல்லாமல், முப்பது பிள்ளைகள் நடுவில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து வயதுப் பிள்ளை இருந்துகொள்ளுமா என்பதுதான் முதல் விஷயம்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிள்ளை இருந்துகொள்கிறது. தெரியாத பிள்ளைதான் அழுகிறது. "நாலு மணிக்கு வந்திடுவேன்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஒரு பேச்சே இல்லை. "டிபன் சாப்பிடுவீங்க, பாட்டு பாடுவீங்க, வெளியில விட்டுட்டு மறுபடி கூப்பிடுவாங்க, மத்தியானம் சோறும் முட்டையும் தருவாங்க, கதை சொல்லுவாங்க, அப்புறம் விளையாடி முடிச்சதும் நான் வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் பிள்ளைக்குக் கடிகாரம். அப்படி வரிசையாகச் சொல்வதற்கு முதலில் உங்களுக்கு அந்த நாள் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரமும் சில வழக்கங்களும் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். வரிசை பெரும்பாலும் இதுதான்.

பள்ளி திறப்பதற்கு முன்னால்

அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், ஃபோட்டோ ஆகியவற்றை எடுத்து வாருங்கள். ஏதாவது ஒன்று கையில் இல்லையென்றால் அதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைப் பிறகு கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். அன்று எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில்) ஏறும் பெயர்தான் வகுப்பு வகுப்பாகக் கூடவே வரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நேரத்தில் ஓர் எழுத்தைத் திருத்த அலையும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

வீட்டில் என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பலாம் என்று பலர் கேட்கிறார்கள். அ, ஆ தெரிந்திருக்க வேண்டியதில்லை, அது எங்கள் வேலை. எங்களால் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடியாத சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பழக்கி அனுப்பினால் போதும். தன் கையால் சாப்பிடுவது. கை கழுவுவது. வெளிக்குப் போனால் தானே கழுவிக்கொள்வது. தன் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர்ப் பெயர் சொல்வது. கால்சட்டையைக் கழற்றி மாட்டுவது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சில வருடம் முன்பு ஒரு பையன் தினமும் மதியத்துக்குள் கால்சட்டையை நனைத்துவிடுவான். பாத்ரூம் போகப் பயம் என்று நினைத்து நானும் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தேன். யூனிஃபார்ம் கால்சட்டையில் இடுப்பில் ஹூக், கீழே ஜிப். வீட்டில் அவன் எலாஸ்டிக் டிராயரிலேயே வளர்ந்தவன். இரண்டு கையாலும் ஹூக்கை இழுக்கிறான், வரவில்லை, அதற்குள் போய்விடுகிறது. கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. அவன் அம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே ஹூக்கைப் பிரித்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பையன் வேறு பிள்ளை. ஆகவே யூனிஃபார்ம் வந்ததும் போட்டுப் பார்த்து, பிள்ளை தானே கழற்றுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஒண்ணுக்குப் போவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல் இருக்கும். உங்கள் வீட்டுச் சொல் எங்களுக்குத் தெரியாது. பிள்ளை வந்து என்னவோ சொல்லும், நாங்கள் தலையாட்டிவிட்டு உட்காரச் சொல்லிவிடுவோம். சேர்க்கும்போதே உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

அழுகை வரும். அது கெட்ட அறிகுறி அல்ல. அங்கன்வாடிக்குப் போய்ப் பழகிய பிள்ளை இரண்டு மூன்று நாளில் அடங்கும். பாட்டியோடு மட்டுமே இருந்த பிள்ளைக்குப் பத்து நாள்கூட ஆகலாம்.

வாசலில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான், ஆனால் கஷ்டமான வேலை. குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வர்றேன் கண்ணு, விளையாட்டு முடிஞ்சதும் இதே இடத்துல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சொல்லாமல் நழுவுவது வேண்டவே வேண்டாம். கண் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அம்மா காணாமல் போய்விட்டாள் என்றால், மறுநாள் அந்தப் பிள்ளை கண்ணைத் திருப்பவே திருப்பாது. உங்கள் முந்தானையைப் பிடித்தபடியே இருக்கும். ஜன்னலுக்கு வெளியில் நின்று எட்டிப் பார்ப்பதும் அதே தவறுதான். உங்கள் தலை தெரிந்த நொடியில், அரை மணி நேரமாக அடங்கியிருந்த அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சாயங்காலம் நிற்பேன் என்று சொன்ன இடத்தில் நில்லுங்கள். முருங்கை பறிக்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டால் தாத்தாவோ அக்காவோ வரட்டும். யார் வருவார்கள் என்பதைக் காலையிலேயே பிள்ளையிடமும் என்னிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாத ஒருவர் வந்து கேட்டால் நாங்கள் அனுப்ப மாட்டோம், உறவுக்காரராகவே இருந்தாலும். அப்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"அழுதா டீச்சர் அடிப்பாங்க", "போகலைன்னா போலீஸ் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு ஓடிவந்து ஒட்டிக்கொள்ள இருக்கும் ஒரே ஆள் நான்தான். அந்த ஆளைப் பற்றியே பயம் காட்டிவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்?

காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரை

நாள் தொடங்குவது காலை உணவில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை, சாம்பாரோடு. எங்கள் ஊர்ப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். விடிவதற்கு முன் காட்டு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து பத்தரை மணிக்கே சுருண்டு படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அது இப்போது இல்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே டிபன் முடிந்துவிடும், அதனால் எட்டரைக்குள் பிள்ளை வந்துவிட வேண்டும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளையும் கொஞ்ச நேரம் முன்னதாக வருவது நல்லது. மற்ற பிள்ளைகளோடு சிநேகம் பிடிப்பது அந்த அரை மணி நேரத்தில்தான்.

அடுத்தது ப்ரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், உறுதிமொழி. முதல் வகுப்பு முன்வரிசையில் நிற்கும். அப்புறம் வகுப்பில் வருகைப் பதிவேடு. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க வாயே திறக்காது, ஏனென்றால் வீட்டில் அதன் பெயர் 'தங்கம்', 'குட்டி', 'தம்பி'. பதிவேட்டில் இருக்கும் பெயர் தன்னுடையது என்றே அதற்குத் தெரியாது. மே மாதத்தில் தினமும் நாலு தடவையாவது முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

காலையில் தமிழ், கணக்கு, ஆங்கிலம் மாறி மாறி நடக்கும். நடுவில் இன்டர்வெல். தண்ணீர் குடிக்கவும் மணி அடித்து நினைவுபடுத்துகிறோம். தண்ணீர் பாட்டில் மூடி பிள்ளையே திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

நீங்கள் வகுப்பை எட்டிப் பார்த்தால் சத்தமாக இருக்கும். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் பொம்மை வைத்துக் கதை. "விளையாட்டுதான் நடக்குது, படிப்பு எங்கே" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்குக் கீழே பதில் எழுதுகிறேன்.

மதியம் சத்துணவு. 1982-ல் தொடங்கிய திட்டம். உங்களில் பலர் சாப்பிட்டு வளர்ந்ததுதான், சில பாட்டிமார்கூட. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். உங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வரும் என்றால் எழுதியே கொடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். அதனால் மதியத்துக்குக் கதை, படம் வரைதல், களிமண், பாட்டு, கடைசியில் வெளியில் விளையாட்டு. பை எடுத்து, செருப்பு மாட்டி, வரிசையில் நின்று நாட்டுப்பண் பாடி முடிந்ததும் மணி. அவ்வளவுதான் நாள். இதைப் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் தினமும் படுக்கும்போது பிள்ளைக்குக் கதை மாதிரி சொல்லுங்கள். முதல் நாள் வந்ததும் "டீச்சர், அடுத்து ப்ரேயர்தானே?" என்று என்னிடமே கேட்ட பிள்ளைகள் உண்டு.

பையும் பொருளும்

பாடநூல், நோட்டு, யூனிஃபார்ம், பை, காலணி, கிரேயான் எல்லாம் அரசு தருகிறது. பை 1.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது முதலிரண்டு வகுப்புக்கான அளவு. தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம் போட்டது. எந்த நோட்டு எப்போது என்று நாங்கள் சொல்வோம். கைடு, கூடுதல் நோட்டு என்று முன்னாடியே வாங்கிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். சிலேட்டும் பலப்பமும் இன்றைக்கும் நல்லதுதான். அழித்து எழுத முடியும் என்பதால் பிள்ளை பயமில்லாமல் கிறுக்கும்.

எல்லோருக்கும் ஒரே பை, ஒரே காலணி. வராண்டாவில் இருபது ஜோடிக் காலணி ஒரே நிறத்தில், ஒரே மாதிரி கிடக்கும். யாருடையது எது என்று எனக்கே தெரியாது. ஒரு பாட்டி தன் பேத்தியின் காலணி வாரில் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பூ தைத்து அனுப்பினார். அந்தப் பெண் ஒரு நாளும் காலணி மாற்றிப் போனதில்லை. நீங்களும் ஒரு நூல், ஒரு பொட்டு, ஒரு கோடு ஏதாவது போட்டு அனுப்புங்கள். பெயர் எழுதுவதைவிட அது மேல், ஏனென்றால் பிள்ளைக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

பென்சில் தொலையும். வாரத்துக்கு ஒன்று தொலையும். அதற்காக அடிக்காதீர்கள். அடுத்த பிள்ளையின் பென்சில் உங்கள் பிள்ளையின் பையில் இருந்தால், "திருடிட்டியா" என்ற சொல் வேண்டாம். இந்த வயதில் தன்னுடையது, அடுத்தவருடையது என்ற கோடு இன்னும் சரியாக விழவில்லை. "இது யாரோடது? நாளைக்குக் குடுத்திடலாமா?" என்று கேட்டுப் பையில் வைத்து அனுப்புங்கள். வாங்கிக் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுத்தும் கணக்கும் எப்படிப் போகும்

வழிகாட்டியில் இந்தப் பகுதிக்குத்தான் நிறைய இடம் வேண்டும், ஏனென்றால் பெற்றோருக்கும் எங்களுக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2022-லிருந்து முதல் மூன்று வகுப்புகளுக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் நடக்கிறது. எட்டு வயதுக்குள் பிள்ளை புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பதுதான் இதன் இலக்கு. இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. முதல் வகுப்பு நிலை அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலை மொட்டு, மூன்றாம் வகுப்பு நிலை மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பில் உட்கார்ந்திருந்தால் அது தண்டனை அல்ல, அவமானமும் அல்ல. எந்த இடத்தில் விட்டதோ அந்த இடத்திலிருந்து பிடித்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய பிள்ளை படிப்பதைக் கேட்டுக் கேட்டே சின்னது பாதி கற்றுக்கொள்ளும்.

தமிழில் மொத்தம் 247 எழுத்து. அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஆரம்பித்து அத்தனையும் முடித்த பிறகுதான் சொல் படிக்க வேண்டும் என்றால் பிள்ளை களைத்துவிடும். அதனால் எழுத எளிதான ட, ப, ம மாதிரி எழுத்துகளை முன்னால் கொண்டுவருகிறோம். மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தால் 'படம்' வந்துவிடும், 'பட்டம்' வந்துவிடும். "இன்னும் ஆனா ஆவன்னாவே முடிக்கலையே" என்று வீட்டில் கவலைப்படும்போது பிள்ளை 'மடம்' என்று ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்திருக்கும். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை முதல் தடவை தானாகப் படித்த பிள்ளை, அன்று முழுக்கச் சுவரில், சாக்கில், பஸ்ஸில் அந்த எழுத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்.

பாட்டும் களிமண்ணும் ஏன் என்றால், எழுத முதலில் விரலுக்குப் பலம் வேண்டும், வாசிக்க முதலில் காதில் ஓசை பிரிய வேண்டும். 'பட்டம்' என்பதில் எத்தனை சத்தம் என்று கைதட்டிக் காட்டும் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். களிமண்ணை உருட்டத் தெரியாத விரலில் பென்சிலைத் திணித்தால் எழுத்து மேல் வெறுப்புதான் வரும்.

சில எழுத்துகளைப் பிள்ளை திருப்பிப் போடும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. 3-ஐ இடம் வலம் மாற்றி எழுதும். ஐந்து, ஆறு வயதில் இது சகஜம். திருத்திக் காட்டுங்கள், திட்ட வேண்டாம். இடது கையால் எழுதினால் அப்படியே விடுங்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் பிள்ளையின் கையை மாற்றி மாற்றி வலது கையில் பென்சில் கொடுத்தேன். அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். மறுபடி அவள் இஷ்டத்துக்கு விட்ட பிறகும் பேசிச் சிரிக்க வைக்க ஒரு பருவம் முழுக்க ஆனது. அந்தத் தவறு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கணக்கிலும் இதே கதைதான். வீட்டில் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடு என்றால் ஒன்பது எடுக்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. அதனால் ஒன்று முதல் ஒன்பது வரையே நாங்கள் நிறைய நாள் நிற்போம். கொட்டை, குச்சி, பொத்தான் எல்லாம் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்வோம். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டில் கட்டியதும்தான் பத்து என்பது ஒரு கட்டு என்று பிள்ளைக்குப் புரியும். வீட்டில் உதவ ஆசைப்பட்டால் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "நம்ம அஞ்சு பேரு, மூணு தட்டுதான் இருக்கு, இன்னும் எத்தனை வேணும்?" அதைவிட நல்ல கணக்கு நோட்டில் இல்லை.

வீட்டுப்பாடம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளைக்கு ராத்திரி பத்துத் தடவை எழுதும் இம்போசிஷன் எதையும் சேர்க்காது. பதிலாக ஒரு பதினைந்து நிமிடம் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர் யாராவது ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாதா? அப்படியென்றால் பிள்ளையை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா, ராத்திரி ராத்திரி மகளிடம் "இன்னைக்குப் படிச்ச எழுத்தை எனக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டார். வருட முடிவில் அந்தப் பெண் என் வகுப்பிலேயே நன்றாக வாசித்தாள். அவள் அம்மாவும் தன் பெயரை எழுதினார்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. வருடம் மூன்று பருவம். வகுப்பில் செய்யும் செயல்களை வைத்தே பெரும்பாலும் பார்க்கிறோம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் ஃபெயில் கிடையாது. அதனால் ரேங்க் கேட்காதீர்கள். "இவ எங்க தடுமாறுறா?" என்று கேளுங்கள், நான் சரியாகச் சொல்வேன். கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதும் பிள்ளைக்குப் பல நேரம் படிப்பில் கோளாறு இல்லை, கண்ணில்தான். நாங்கள் சொன்னால் உடனே ஆஸ்பத்திரியில் கண் காட்டுங்கள்.

லீவும் உடம்பும்

தொடக்கப் பள்ளிக்கு வருடம் குறைந்தது 200 வேலை நாள் என்று சட்டம் வைத்திருக்கிறது. அதில் வாரம் ஒரு நாள் போனால்கூட இந்த வயதுப் பிள்ளைக்கு வரிசை அறுந்துவிடும், மறுபடி முதல் நாள் மாதிரி அழும். தைப்பூசத்துக்கு எங்கள் சாலையெல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களால் நிறைந்திருக்கும். அப்போது இரண்டு நாள் லீவு எடுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அத்தை வந்திருக்கிறாள், மாமன் வந்திருக்கிறான் என்று நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் சிவப்பு, அம்மை என்றால் அனுப்பவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் பத்துப் பிள்ளைக்கு வரும். மாத்திரையைப் பையில் வைத்து "மத்தியானம் போட்டுக்கோ" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள், என் கையில் கொடுங்கள். வலிப்பு, வீசிங் மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால் பிள்ளையை ஒதுக்குவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒதுக்க மாட்டோம். தெரிந்தால்தான் அந்த நேரத்தில் எங்களுக்குக் கை கால் ஓடும்.

வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்போம். அன்றைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். சப்பிச் சாப்பிடும் மாத்திரைதான், எங்கள் கண் முன்னால்தான் கொடுக்கிறோம். அன்று உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள், பிறகு ஒரு நாள் கொடுப்பார்கள். வாரம் ஒரு தடவை நகம் வெட்டுங்கள். பேன் இருந்தால் சீப்பால் தலையை வாரிவிடுங்கள், ஒன்றும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடி, சண்டை, கண்டிப்பு

"நல்லா ரெண்டு போடுங்க டீச்சர்" என்று பாசத்தோடுதான் சொல்கிறீர்கள். போட மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் தடுக்கிறது, மனம் நோகப் பேசுவதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டேன், ஏனென்றால் அடிக்குப் பயந்த பிள்ளை என்னிடம் சந்தேகம் கேட்காது. வகுப்பில் மூன்று கட்டளைதான் வைத்திருக்கிறேன். ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கணும், கை நீட்டக் கூடாது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கணும். வீட்டிலும் இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சண்டை வரும். கடிப்பது, கிள்ளுவது எல்லாம் நடக்கும். சாயங்காலம் பிள்ளை உடம்பில் கீறல் பார்த்தால் நேராக அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள். இரண்டு பிள்ளையும் மறுநாள் காலையில் ஒரே தட்டில் பொங்கல் சாப்பிடும். பெரியவர்கள்தான் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள்.

சாதியைச் சொல்லி யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். யார் எங்கே உட்காருவது என்பதை வாரம் ஒரு முறை நான் மாற்றுவேன். அதில் யார் வந்து சொன்னாலும் மாற்றம் கிடையாது.

எங்களிடம் எப்படிக் கேட்பது

காலை மணி நேரத்தில் முப்பது பிள்ளைகள் நடுவில் நிற்கும்போது பேச முடியாது. பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம் நிச்சயம் கிடைக்கும். வீட்டில் ஏதாவது நடந்திருந்தால், சாவு, சண்டை, அப்பா வெளியூர் போனது, குட்டித் தம்பி பிறந்தது, அதை ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை திடீரென்று ஏன் ஒடுங்கிப்போனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், தலைவரும் ஒரு பெற்றோர்தான். கழிவறை, தண்ணீர், சுற்றுச்சுவர் எல்லாம் அங்கே எழுத்தில் ஏற வேண்டும். தெருவில் பேசினால் எழுத்தில் ஏறாது. எங்கள் மேலேயே குறை என்றால் முதலில் ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். தீரவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழைக்கலாம். பிள்ளைக்கு யாராலாவது தொந்தரவு என்று தோன்றினால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

சாயங்காலம்

வாசலில் நின்றதும் "என்ன எழுதிப் போட்டாங்க?" என்று கேட்பது வழக்கம். பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று சொல்லும். அதை வைத்துப் பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். காலையில் நீங்கள் சொல்லி அனுப்பிய அதே வரிசையில் கேளுங்கள். டிபன் என்ன, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், கதையில் யார் வந்தார்கள், முட்டை சாப்பிட்டாயா, விளையாட்டில் யார் விழுந்தார்கள். கதையில் ஒரு நரி வந்தது என்று சொல்லும். நரி என்ன செய்தது என்று கேட்டால் போதும், வீடு போய்ச் சேரும் வரை அது பேசிக்கொண்டே வரும்.